மேற்படி காலனி

எண்பதுகளின் பின்பாதியில் நான் அரியலூரில் ஒரு ஆபீஸில் இளநிலை எழுத்தராக இருந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. தண்ணீர் சம்பந்தப்பட்ட ஆபீஸ் என்று தெரிந்தால் போதும். அந்த ஆபீஸ் குழாயில் ஒரு நாளும் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் எங்களுக்குத் தாள்கள் வரும். அரியலூர், பெரம்பலூர் இரண்டு தாலுகாவிலும் எந்த ஊரில் கிணறு வற்றியது, எந்த மாதம் வற்றியது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் எழுதிய தாள்கள். போய் எழுதிய என்பது ஒரு பேச்சுக்கு. பாதிப் பேர் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். இந்தத் தாள்களை எல்லாம் சேர்த்து ஒரே பட்டியலாக்கி மேலே அனுப்ப வேண்டும். பட்டியலில் 'வற்றியது' என்று வருகிற ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு போர், அதன்மேல் ஒரு அடிபம்பு. அதுதான் விதி.

சேர்ப்பது லேசில்லை. ஒருவர் ஊர்களைக் கீழ்நோக்கி எழுதி மாதங்களைக் குறுக்கே போட்டிருப்பார். இன்னொருவர் மாதங்களைக் கீழ்நோக்கிப் போட்டு ஊர்களைக் குறுக்கே ஓடவிட்டிருப்பார். லப்பைக்குடிக்காட்டுப் பக்கத்துத் தாள்கள் மட்டும் யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பேனாவில் பளிச்சென்று இருக்கும். கட்டங்கள்தான் யாருடைய கட்டத்தோடும் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் தரையில் விரித்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, ஹெட் கிளார்க் ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசிப்பார். நான் குப்புறப் படுத்துக்கொண்டு பெரிய தாளில் எழுதுவேன். மூன்று வாரம் ஆகும். முட்டி இரண்டும் கறுத்துப்போகும்.

அந்தத் தாள்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஊரை எழுதுவார்கள். அதற்கு அடுத்த வரியில் அந்த ஊரின் காலனி, ஊர்ப் பெயர் இல்லாமல் காலனிக்கென்று உள்ள தனிப் பெயரில். ஊருக்கு எதிரே எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்புவார்கள். காலனிக்கு எதிரே முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. தலை எண்ணிக்கை ஒன்றுதான் தனியாக இருக்கும். அதுவும் ரேஷன் கடையில் கேட்டு எழுதியது. எழுதுகிறவர் காலனிக்குள் கால் வைத்தால்தானே அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும்? நான் அப்படி ஒரு காலனியில் பிறந்தவன். எங்கள் தெருவுக்குள் எந்த ஆபீஸரும் வந்து நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எரிச்சலை விழுங்கிக்கொண்டு எழுதுவேன்.

ஹெட் கிளார்க் வாசிக்கும்போது 'மேற்படி' என்று சொல்லவே மாட்டார். முப்பது வருஷப் பழக்கம். மேல் வரியில் வற்றியது என்றால் கீழ் வரியிலும் வற்றியது என்றே அவர் வாய் சொல்லிவிடும். நானும் அப்படியே எழுதிவிடுவேன். அது ஒரு பெரிய விஷயம் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். அதைத் தாண்டினால் காலனி. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. மழைக்கு ஒழுகாத வீட்டில் எங்கள் குடும்பத்தில் முதலில் படுத்தவள் அவள்தான். சுவருக்கு அவளே சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு முருங்கைக் கிளையை நட்டிருந்தாள். தண்ணீர்தான் இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் காலனிப் பெண்கள் ஓடையில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஊறுவதற்குக் காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு சினிமாவே பார்த்துவிட்டு வரலாம் என்பாள்.

மச்சான் அப்போதே சூளைக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லால்குடி தாண்டி ஒரு செங்கல் சூளையில் குடும்பம் குடும்பமாக ஆள் எடுத்தார்கள். அக்கா அசையவில்லை.

"இந்த வூட்ட வுட்டுட்டு நான் எங்கடா போறது? ஒரு போரு போட்டாப் போதும், இங்கியே இருந்துடுவோம். நீ அந்த ஆபீஸ்லதான இருக்க, எங்க பேரு வருமா வராதா?"

"வரும்க்கா. வத்துன ஊருக்கெல்லாம் போடுறாங்க. உங்களுது வத்திக் கெடக்கறது ஊருக்கே தெரியும்."

"நீ சொல்லிட்ட, அது போதும்."

அந்த வருஷம்தான் திருச்சிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தாள்களை எல்லாம் இனி அதில் சேர்க்க வேண்டும், யாராவது ஒருவர் போய்க் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. ஆபீஸில் எல்லாருக்கும் திடீரென்று முதுகு வலி, மகள் பிரசவம், சர்க்கரை. கடைசியில் கல்யாணம் ஆகாத, வயதில் சின்ன ஆளான என் தலையில் விழுந்தது. எனக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் சலித்துக்கொண்டே சரி என்றேன்.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏ.சி. பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அதை இயக்கிய அம்மாள் திருச்சிக்காரர். கழுத்து வரை சால்வை போர்த்திக்கொண்டு, வாரக்கணக்கில் எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தார். ஒரு வட்டாரத்துக்கு ஒரு கோப்பு. ஊர்ப் பெயர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான். 'மேற்படி' என்று வந்த இடத்தில் எல்லாம் ஆபீஸ் வழக்கப்படி 'டிட்டோ'வைச் சுருக்கி 'டூ' என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டே போனார்.

அடித்து முடிந்தபின் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார். என்னென்ன செய்யணும்னு வரிசையா ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டாப் போதும். அதுவே ஒவ்வொரு கோப்பாத் தெறந்து, எடுத்து, அடியில அடியில சேத்துக்கிட்டே போயிடும். குறுக்க இருக்கறத நெடுக்கத் திருப்பிக்கூடப் போடும்."

"படுத்தி வச்சிருக்கறத நிமுத்திப் போடுமாங்க?"

"போடும். பாருங்க."

போட்டது. மாதங்களைக் கீழே விட்டு ஊர்களைக் குறுக்கே ஓடவிட்ட அந்தப் பாழாய்ப்போன தாள், ஒரு பொத்தானை அழுத்தியதும் எழுந்து ஒழுங்காக நின்றது. நான் சிரித்துவிட்டேன். என் கறுத்த முட்டிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையை நானே உட்கார்ந்து எழுதினேன். முதலில் திருப்பு. அடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர். அடுத்து, மேலிடத்தில் கேட்டபடி, ஊர்ப் பெயர்களை இங்கிலீஷ் அகரவரிசையில் அடுக்கு. அப்புறம் அச்சடி.

அச்சடிப்பதற்கு முன்னால் அந்த அம்மாள் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சார், நடுநடுவுல டூ டூன்னு நெறைய இருக்கே, இத என்ன செய்யட்டும்? மேல போற தாளாச்சே, அப்படியே அனுப்பினாத் திட்டுவாங்களே."

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மேற்படிதானங்க? மேல உள்ளத எடுத்துக் கீழ போடச் சொல்லுங்க."

அதையும் வரிசையின் கடைசியில் சேர்த்தோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு தாலுகாவும் ஒரே பட்டியலாகிவிட்டது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் கரகரவென்று அடித்து வந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோப்புகள் இருந்த கறுப்பு ஃபிளாப்பித் தகட்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, கீழப்பழுவூர் தாண்டி அரியலூர் வரும்வரை கைக்குழந்தைபோல மடியிலேயே வைத்திருந்தேன். ஆபீஸில் எங்கள் அதிகாரி, எல்லாரும் சார் என்றே சொல்வோம், பட்டியலைப் புரட்டிவிட்டு என் தோளில் தட்டினார். ஹெட் கிளார்க் மட்டும், "வாசிச்சுப் பாக்க வேணாமா தம்பி?" என்றார். "அதெல்லாம் மிஷினே பாத்துடுச்சுங்க சார்" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் ஊருக்குப் போர் லாரி வந்தது. அன்றைக்கு நான் லீவு போட்டுக்கொண்டு போனேன். பெருமையை நேரில் அனுபவிக்க வேண்டுமல்லவா? ஊர்க் கோயில் பக்கத்தில் போர் இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் பொடி பறந்து எல்லார் தலையும் வெள்ளை. தண்ணீர் பீறிட்டதும் ஊர்க்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள். காலனிப் பெண்கள் கொஞ்சம் தள்ளிக் குடங்களோடு நின்றார்கள். அடுத்தது அவர்களுடையது என்று நினைத்து, எந்த இடத்தில் போட வேண்டும் என்று காலையிலேயே கல் நட்டு வைத்துவிட்டு வந்திருந்தார்கள். லாரிக்காரர் குழாய்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் போனாள்.

"ஏங்க, காலனிக்கு இந்தப் பக்கம் போவணும்ங்க."

"காலனிக்குல்லாம் லிஸ்ட்ல இல்லம்மா. இந்த ஊருக்கு ஒண்ணுதான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. "தம்பி, நீ கொஞ்சம் சொல்லேன். அவருக்குத் தெரியல" என்றாள். நான் லாரிக்காரர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தேன். என் பட்டியலிலிருந்து எடுத்த தாள். காலனி அதில் இல்லை. லாரி கிளம்பிப் போனது. காலனிப் பெண்கள் நட்ட கல் அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் ஆபீஸில் அந்த நீளத் தாளைத் தரையில் விரித்தேன். பழைய மாதிரியே குப்புறப் படுத்துக்கொண்டு தேடினேன். அக்காவின் காலனி இருந்தது. அதற்கு எதிரே: கிணறு வற்றாதது, தூரம் இல்லை, தேவை இல்லை. சிரிப்பு வந்தது முதலில். அப்புறம் அதற்கு மேல் வரியைப் பார்த்தேன். ஏலாக்குறிச்சிக்கு அந்தப் பக்கம், கொள்ளிடக் கரையில் உள்ள ஒரு கிராமம். கையால் தோண்டினால் தண்ணீர் வருகிற இடம். அகரவரிசையில் அடுக்கியபோது காலனி தன் ஊரைவிட்டுப் பிரிந்துபோக, அந்தக் கிராமம் வந்து என் அக்காவின் காலனிக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான், மேலே உள்ளதை எடுத்துக் கீழே போடு என்று நான் சொன்னேன். முதலில் நிரப்பிவிட்டு அப்புறம் அடுக்கியிருக்க வேண்டும். இரண்டு வேலையை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான்.

அந்த அம்மாள் மேல் தப்பில்லை, அவர் கேட்டார். மிஷின் மேலும் தப்பில்லை, சொன்னதைச் செய்தது. நான் மற்றக் காலனிகளையும் பார்த்தேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டு கை விரல்களும் தீர்ந்ததும் நிறுத்திவிட்டேன். எழுதியவர்கள் காலனிகளை மட்டும்தான் மேற்படி போட்டிருந்தார்கள். அதனால் தப்பும் பொறுக்கியெடுத்தாற்போலக் காலனிகள் தலையில் மட்டும்தான் விடிந்திருந்தது. சிலவற்றுக்கு அதிர்ஷ்டத்தில் வற்றிய ஊர் மேலே வந்து போர் கிடைத்திருந்தது. பலவற்றுக்கு இல்லை. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்தத் தடவை அந்தக் காலை உதைத்தது அப்படி ஒரு காலனியில் பிறந்த ஒருவன்.

நடந்ததை ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டு சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மெட்ராஸ் போயி ஆர்டர் ஆயிடுச்சுய்யா. கம்ப்யூட்டர் லிஸ்ட்டு, தப்பே இருக்காதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப தப்புன்னு எழுதுனா மொத்த லிஸ்ட்டையும் நிறுத்திடுவான். போட வேண்டிய போரும் நின்னுடும். உன் வேலையும் இன்னும் பர்மனண்ட் ஆவல." குறிப்பை என் பக்கம் தள்ளினார். "அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம். இத நீயே வச்சுக்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். மேஜைமேல் அந்தக் குறிப்பை வைத்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நான் பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதற்கு மேல் விளக்கம் ஒன்றும் கிடையாது. குறிப்பை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் பாதி உண்மை சொன்னேன். "லிஸ்ட்டுல தவறிப் போச்சுக்கா. அடுத்த லிஸ்ட்டுல வந்துடும்." யார் தவறவிட்டது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்த வருஷம் மழையில் ஓடை ஓடியது. தை கழிந்ததும் ஊற்று இறங்கிவிட்டது. ஊர் அடிபம்பில் காலனிக்காரர்கள் அடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் அடித்து முடித்தபின் அடித்துக்கொள்ளலாம். வெயில் ஏறியதும் பம்பு காற்றைத்தான் துப்பும். குடத்தைச் சும்மா தூக்கிக்கொண்டு திரும்புவதற்கு ஓடையே மேல் என்று அக்கா அங்கே போவதை நிறுத்திவிட்டாள். மாசியில் காலனியில் பாதி வீடு பூட்டியாயிற்று. பங்குனியில் அவளும் பூட்டினாள். முருங்கைக்கு ஊற்ற ஆளில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு லாரியில் ஏறினாள்.

அந்தக் கோடையில் நான் மறுபடி திருச்சிக்குப் போனேன். போன வருஷ வரிசையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். திருப்பு. 'டூ' எல்லாவற்றையும் நிரப்பு. அதற்கப்புறம் சேர். அதற்கப்புறம் அடுக்கு. அச்சடித்த தாளையும் மூலத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. அக்காவின் காலனிக்கு எதிரே இந்த முறை சரியாக வந்திருந்தது: கிணறு வற்றியது, போர் தேவை.

கடைசிக் கட்டத்தில் தலை எண்ணிக்கை. பத்து. அந்த மாதம் ரேஷன் வாங்க வந்த, ஊரைவிட்டுப் போக முடியாத கிழங்கள் பத்துப் பேர். குடியிருப்பில் இத்தனை தலைக்குக் குறைந்தால் போர் கிடையாது என்று அந்த வருஷம் மேலிருந்து ஒரு விதி வந்திருந்தது. அதையும் வரிசையில் நானே எழுதிச் சேர்த்திருந்தேன். வடிகட்டிய பட்டியல் அடித்து வந்தபோது காலனி அதில் இல்லை. பூட்டிய வீடுகள் நிறைந்த வேறு காலனிகளும் இல்லை. ஆள் இல்லாத இடத்துக்குப் போர் இல்லை. போர் இல்லாத இடத்துக்கு ஆள் எப்படித் திரும்பும்? என்னிடம் அதற்கு வரிசை எதுவும் இருக்கவில்லை.

"இந்த வருஷம் ஒரு பிசகும் இல்ல பாத்தியா?" என்றார் சார். என் வேலையும் அந்த மாதம் நிரந்தரமானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளைக்குப் போனேன். மண் குழைக்க அங்கே மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். கால் நனைய வாய்க்காலாக ஓடியது. அக்கா கல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவினாள். தாராளமாக, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"லிஸ்ட்டு வந்துச்சாடா?"

"வந்துச்சுக்கா."

"எங்க காலனி?"

வற்றியது என்று சரியாக வந்திருந்ததே, அது என் வாயில் நின்றது. "சரியா வந்துருக்குக்கா" என்றேன். பொய் இல்லை.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே மச்சானைக் கூப்பிட்டாள். "ஏங்க, தம்பி சொல்லுது, நம்ம பேரு வந்துருச்சாம். இந்தச் சூள முடிஞ்சதும் வூட்டுக்குப் போயிடலாங்க." பிறகு என்னிடம் திரும்பி, "முருங்க பொழச்சிருக்குமாடா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.